மணலி யூரியா மூட்டையில் ஈரானின் பங்கு

2025 செப்டம்பர் 1 அன்று சீனாவின் தியான்ஜினில் நடந்த உச்சிமாநாட்டில் மோடியும் புடினும் ஷி ஜின்பிங்கும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த படம் வந்தது. அதிலிருந்து ஒரே கேள்விதான். "நாம இப்ப யார் பக்கம்ணே?" கல்மண்டபம் டீக்கடையிலும் இதே பேச்சு, வாட்ஸ்அப் குரூப்பிலும் இதே சண்டை. ஒரு கூட்டம் "அமெரிக்காவுக்கு டாட்டா காட்டியாச்சு" என்கிறது. இன்னொரு கூட்டம் "சும்மா பூச்சாண்டி, கடைசியில அங்கதான் போய் நிக்கணும்" என்கிறது.

கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது. ஒரு நாட்டை இன்னொரு நாட்டோடு கட்டியிருப்பது ஒற்றைக் கயிறு இல்லை. பணம் போகிற வழி ஒரு கயிறு. கப்பலும் காப்பீடும் ஒன்று. ஆலை எந்த எண்ணெய்க்காகக் கட்டப்பட்டது என்பது ஒன்று. ஆயுதத்துக்கு உதிரிபாகம் யாரிடமிருந்து வருகிறது என்பது ஒன்று. கம்பெனிப் பங்கு யார் பெயரில் இருக்கிறது என்பது இன்னொன்று. சிலது ஒரு வாரத்தில் அறுந்துபோகும், சிலது ஐம்பது வருஷம் ஆனாலும் அறாது. இதைப் பார்க்க தியான்ஜின் வரை போகவேண்டாம், வடசென்னையின் மணலி வந்தால் போதும்.

மணலி சுத்திகரிப்பு ஆலை 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கியது. பங்கு யார் யாருக்கு என்று பாருங்கள். இந்திய அரசுக்கு 74 சதவீதம், அமெரிக்காவின் அமோகோ கம்பெனிக்கு 13, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனத்துக்கு 13. ஆமாம், அமெரிக்காவும் ஈரானும் மணலியில் கூட்டாளிகள். ஷா ஆட்சிக் காலம் அது. கார்க் தீவை ஒட்டிய டாரியஸ் எண்ணெய் வயலை அமோகோவும் ஈரானும் சேர்ந்து நடத்திக்கொண்டிருந்தன, அந்த எண்ணெய்க்கு நிரந்தரமாக ஒரு வாடிக்கையாளர் தேவைப்பட்டது. எண்ணெயை விற்கிறவர்களே ஆலையிலும் பங்கு வாங்கினார்கள். 27 மாதத்தில், 43 கோடி ரூபாயில் ஆலை எழுந்தது. 1969-ல் ஓடத் தொடங்கியபோது ஆண்டுக்கு 25 லட்சம் டன். இன்று 1 கோடியே 5 லட்சம் டன்.

1979-ல் ஷா ஓடினார், டெஹ்ரான் அமெரிக்கத் தூதரகத்தில் பணயக்கைதிகள், எல்லாம் தலைகீழ். டாரியஸ் வயலின் பெயரையே தொரூத் என்று மாற்றிவிட்டார்கள். ஆனால் மணலியின் பங்கு ஏட்டில் உடனே எதுவும் மாறவில்லை. புரட்சி முடிந்து ஆறு வருஷம் கழித்து, 1985-ல்தான் அமோகோ தன் பங்கை இந்திய அரசிடம் கொடுத்துவிட்டு வெளியேறியது. ஈரான் போகவில்லை. அதன் விகிதம் 15.38-ஆகக் கூடியதுதான் மிச்சம். பிறகு ஆலை இந்தியன் ஆயில் கைக்குப் போய், சிபிசிஎல் (சென்னை பெட்ரோலியம்) என்று பெயரும் மாறியது. ஈரானின் பங்கு மட்டும், அதன் தேசிய எண்ணெய் நிறுவனத்தின் கிளையான நாஃப்டிரான் பெயரில், அப்படியே இருந்தது. 2010-ல் அமெரிக்கா அந்த நாஃப்டிரான் மீதே தடை போட்டது. அப்போதும் இருந்தது.

பக்கத்துக் காம்பவுண்டில் இதைவிட விசேஷம். மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸை 1966-ல் இந்திய அரசும் அமோகோவும் 51-க்கு 49 என்று தொடங்கின. எழுபதுகளின் தொடக்கத்தில் ஈரானும் உள்ளே வந்தது. அமோகோ போய்விட்டது. நாஃப்டிரானுக்கு 25.77 சதவீதம். செங்கல்பட்டு விவசாயி தலையில் சுமந்து போகிற 'விஜய்' யூரியா மூட்டையைச் செய்கிற கம்பெனியில் கால் பங்குக்கு மேல் ஈரானுடையது.

அந்த யூரியாவுக்கு முன்பு நாஃப்தா என்ற லேசான பெட்ரோலியத் திரவத்தை ஊற்றினார்கள். 2019 முதல் இயற்கை எரிவாயு. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 50 லட்சம் டன் திறனுள்ள முனையத்துக்கு மைனஸ் 162 டிகிரியில் திரவமாக வந்து, சூடேறி வாயுவாகிக் குழாயில் மணலிக்குப் போகிறது. முனையத்துக்கு முதல் சரக்கு வந்தது கத்தாரிலிருந்து. கத்தார் எரிவாயு எடுக்கிற வயலும் ஈரானின் சவுத் பார்ஸ் வயலும் கடலுக்கடியில் ஒரே தேக்கம், மேலே எல்லைக் கோடு மட்டும் நடுவில். 2025 ஜூன் 23 அன்று ஈரான் கத்தாரிலுள்ள அமெரிக்கத் தளத்தின் மீது ஏவுகணை வீசியது. ஆக, மணலி உர ஆலையின் பங்குதாரரே, ஆலைக்கு எரிவாயு வரக்கூடிய ஊரின் மேல் ஏவுகணை விட்டார். இதில் இந்தியா யார் பக்கம் என்று சொல்லுங்கள் பார்க்கலாம்.

அடுத்து பணம். எல்லாவற்றிலும் சீக்கிரம் அறுகிற கயிறு இது. 2010 டிசம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு அறிவிப்பு போட்டது: ஈரான் எண்ணெய்க்கு ஆசிய தீர்வக ஒன்றியம் (ஆசிய நாடுகள் தங்களுக்குள் வணிகக் கணக்கைத் தீர்த்துக்கொள்கிற ஏற்பாடு) வழியாகப் பணம் செலுத்த முடியாது. மறுநாளே வழி அடைபட்டது. பிறகு துருக்கியின் ஹால்க் வங்கி வழியாகக் கொஞ்ச நாள். 2012-லிருந்து 45 சதவீதத்தை ரூபாயாக யூகோ வங்கிக் கணக்கில் போட்டார்கள். யூகோவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அமெரிக்காவில் அதற்குப் பெரிதாகத் தொழில் இல்லை, மிரட்டினாலும் இழக்க அதிகம் கிடையாது. அந்த ரூபாயில் ஈரான் நம் பாசுமதியும் தேயிலையும் வாங்கியது. ஈரான் எண்ணெய்த் தடையிலிருந்து நமக்குத் தந்திருந்த விலக்கை 2019 மே மாதம் அமெரிக்கா நிறுத்தியதும் எண்ணெய் பூஜ்யம்.

ரஷ்யா விஷயத்திலும் அதே ரூபாய் யோசனையை 2022 ஜூலையில் சிறப்பு வாஸ்ட்ரோ கணக்கு (வெளிநாட்டு வங்கி இங்கே ரூபாயில் வைக்கிற கணக்கு) என்று கொண்டுவந்தார்கள். ஓடவில்லை. காரணம் எளிது. நாம் வாங்குவது மலையளவு, அவர்கள் நம்மிடம் வாங்குவது மடுவளவு. ரூபாய் குவிந்து கிடந்தது. 2023 மே மாதம் கோவாவில் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவே, கோடிக்கணக்கில் ரூபாய் கிடக்கிறது, அதை வைத்து என்ன செய்வது என்ற பொருளில் வாய்விட்டுச் சொன்னார். கடைசியில் துபாய் திர்ஹாம்தான் கைகொடுத்தது. "ரூபாய் உலக நாணயம் ஆகிவிட்டது" என்று ஃபார்வர்டு அனுப்பியவர்கள் இந்த இடத்தை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுவார்கள்.

கப்பல் கயிறு அறுவதற்குச் சில மாதம் ஆகும். ரஷ்ய எண்ணெயை நம் பொதுத்துறை ஆலைகள் பெரும்பாலும் 'இங்கே கொண்டுவந்து கொடு' என்ற நிபந்தனையில்தான் வாங்குகின்றன. கப்பல் பிடிப்பதும் காப்பீடு எடுப்பதும் விற்பவர் பாடு. அப்படியும் நம் பக்கம் பார்க்க வேண்டியது நிறைய. கப்பலின் பெயரையோ கொடியையோ பார்த்துப் பிரயோஜனமில்லை, இரண்டையும் ஒரே மாதத்தில் மாற்றிவிடலாம். மாறாதது ஐஎம்ஓ எண், ஒவ்வொரு கப்பலுக்கும் நிரந்தரமாகத் தருகிற அடையாள எண், ஏழு இலக்கம். முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால், விடையின் கடைசி இலக்கம்தான் ஏழாவது இலக்கம். கணக்கு இடித்தால் எண் போலி. எண் சரியாக இருந்தால் அது தடைப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிறகு கப்பலுக்குத் தரச்சான்று கொடுத்த நிறுவனம், விபத்துக் காப்பீடு, கடைசியாகச் சரக்கு ஏற்றிய துறைமுகம். இதில் ஒன்று உதைத்தாலும் வங்கி பணத்தை நிறுத்தும், கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும், தாமதக் கட்டணம் நாள்கணக்கில் ஏறும்.

2025 ஜனவரி 10 அன்று அமெரிக்கா ஒரே நாளில் ரஷ்யா தொடர்பான 183 கப்பல்களைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அன்று கடலில் வந்துகொண்டிருந்த சரக்குக்குப் பிப்ரவரி 27 வரை அவகாசம். அக்டோபர் 22 அன்று ரஷ்யாவின் பெரிய எண்ணெய் கம்பெனிகளான ராஸ்நெஃப்ட், லூக்காயில் இரண்டின் மீதும் தடை. மோடி–புடின் உறவில் ஒரு சொல்கூட மாறவில்லை, ஆனால் யாரிடம் வாங்குவது, எந்தக் கப்பலில் ஏற்றுவது என்பது மாறியது.

ரஷ்ய எண்ணெய்க்குக் கிடைக்கிற தள்ளுபடி ஏன் இவ்வளவு இழுக்கிறது என்று கேட்பவர்களுக்குக் கணக்கு: சூயஸ்மேக்ஸ் ரகக் கப்பலில் சுமார் 10 லட்சம் பீப்பாய். பீப்பாய்க்கு 3 டாலர் குறைந்தால் ஒரு கப்பலுக்கு 30 லட்சம் டாலர், டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 25 கோடிக்கு மேல். மணலி ஆலை முழுத் திறனில் ஓடினால் அந்தக் கப்பல் ஐந்து நாளைக்குக்கூடக் காணாது. ஆனால் இராக்கின் பாஸ்ராவிலிருந்து சென்னைக்குச் சுமார் பத்து நாள், ரஷ்யாவின் பால்டிக் கடல் துறைமுகங்களிலிருந்து ஒரு மாதம். செங்கடலில் ஏமனின் ஹூத்திகள் சுட ஆரம்பித்தால் இன்னும் கூடும். தள்ளுபடியில் ஒரு பங்கை வாடகையும் காப்பீடும் தின்றுவிடும். 2022-க்கு முன் நம் எண்ணெய் இறக்குமதியில் 2 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டிருந்த ரஷ்யா ஓராண்டுக்குள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது, நட்பால் அல்ல, இந்தக் கழித்தல் கணக்கில் மிஞ்சியதால்.

"சரி, ரஷ்ய எண்ணெயை நிறுத்திட்டு அமெரிக்க எண்ணெய் வாங்கினா போச்சு" என்கிறார்கள். பால் பாக்கெட் மாற்றுகிற மாதிரி இல்லை அது. ரஷ்யாவின் யூரல்ஸ் நடுத்தர எடை, கந்தகம் ஒன்றரை சதவீதத்தை ஒட்டி. பாஸ்ரா அதைவிடக் கனம், கந்தகமும் அதிகம். அமெரிக்க ஷேல் எண்ணெய் மிக லேசு. லேசான எண்ணெயை அதிகம் ஊற்றினால் வடிகோபுரத்தின் மேல்பகுதி திணறும், அடியில் கோக்கருக்கு, அதாவது அடிக்கசடை உடைக்கிற யூனிட்டுக்கு, தீனி இருக்காது. கோடிக்கணக்கில் போட்டுக் கட்டிய யூனிட் பாதி வயிற்றோடு ஓடும். கனமானதை அதிகம் ஊற்றினால் அடிப்பகுதி நிரம்பி வழியும், கந்தகம் பிரிக்கிற யூனிட் எல்லையைத் தொட்டுவிடும். இரண்டையும் கலந்துவிடலாமே என்றால், சில ஜோடிகள் சேராது. லேசான எண்ணெயில் கன எண்ணெயின் தார் போன்ற அஸ்ஃபால்டீன் கரைந்து நிற்காமல் திரிந்து, வெப்பமாற்றிக் குழாய்களில் கருப்பாகப் படியும். பிறகு சூடு ஏறாது, உலையில் எரிபொருள் கூடுதலாக எரியும், கடைசியில் நிறுத்திக் கழுவவேண்டும். அதனால் புதுச் சரக்கு வாங்குமுன் ஆய்வகத்தில் கலந்து பார்ப்பார்கள், பிறகு பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று ஏற்றுவார்கள். வெளியுறவு அமைச்சர்கள் கைகுலுக்கிய மறுநாளே மணலியில் தீனி மாறாது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைப் பற்றியும் ஒரு தவறான பேச்சு ஓடியது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது "காசிமேடு இறால் போச்சு" என்று வீடியோ போட்டார்கள். அமெரிக்கா போவது பண்ணையில் வளர்த்த வன்னாமெய் ரக இறால், பெரும்பாலும் ஆந்திராக் குளங்களிலிருந்து. கடலில் வலைபோட்டுப் பிடித்த இந்திய இறாலை, வலையில் ஆமை தப்பிக்கும் கருவி இல்லை என்று சொல்லி அமெரிக்கா அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தடுத்துவிட்டது. அடி விழுந்தது உண்மை, காசிமேட்டில் அல்ல.

ஆயுதக் கயிறுதான் மிக மெதுவாக இற்றுப்போவது. இந்தியா இறக்குமதி செய்யும் ஆயுதத்தில் ரஷ்யாவின் பங்கு 2010–14-ல் 72 சதவீதம், 2015–19-ல் 55, 2020–24-ல் 36. ஸ்டாக்ஹோம் சிப்ரி நிறுவனத்தின் கணக்கு. பாதியாகக் குறைய பத்து வருஷம். அதுவும் புதுக் கொள்முதலில்தான். ஆவடியில் செய்கிற டி-90 டாங்க் ரஷ்ய உரிமம், அது படையில் இருக்கும்வரை முப்பது வருஷத்துக்கு அதன் பாகங்கள் வேண்டும். 2018-ல் 543 கோடி டாலருக்குப் பேசிய எஸ்-400 வான்பாதுகாப்பு ஏவுகணைத் தொகுதிகள் ஐந்தில் இரண்டு வந்து சேரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை, ரஷ்யாவே போரில் இருந்தது. அமெரிக்கா மட்டும் என்ன ஒழுங்கு? தேஜஸ் மார்க் 1ஏ விமானத்துக்கு 99 எஞ்சின்கள் 2021-ல் பேசினார்கள், முதல் எஞ்சின் 2025 மார்ச்சில்தான் கைக்கு வந்தது. "பழைய நண்பன் ரஷ்யா" கட்சியும் "இனி அமெரிக்காதான்" கட்சியும் இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

மணலியிலிருந்து நேர்கோட்டில் இருபது கிலோமீட்டருக்குள் காட்டுப்பள்ளி. 2022 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்கக் கடற்படையின் சரக்குக் கப்பல் சார்லஸ் ட்ரூ பழுதுபார்க்க எல் அண்ட் டி தளத்துக்கு வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் பழுதுபார்க்க வந்தது அதுவே முதல் முறை. அப்போது நாம் ரஷ்ய எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தோம், அமெரிக்கா முறைத்துக்கொண்டிருந்தது. முறைத்தபடியே கப்பலையும் அனுப்பியது. 2023-ல் ஐந்தாண்டு பழுதுபார்ப்பு ஒப்பந்தமும் கையெழுத்தானது, சால்வர் என்ற மீட்புக் கப்பலும் வந்தது.

இதைப் பெரிய கூட்டணி என்று கொண்டாடுபவர்கள் ஒப்பந்தத்தின் தன்மையைக் கவனிக்கவேண்டும். இது வேலை கொடுக்கிற உத்தரவு இல்லை, ஒப்பந்தப்புள்ளி போடத் தகுதி, அவ்வளவுதான். தளத்தின் திறமை, பாதுகாப்பு எல்லாம் சோதித்துவிட்டுத் தருவது. வருஷத்துக்கு இத்தனை கப்பல் என்று உத்தரவாதம் கிடையாது. அமெரிக்கச் சட்டப்படி அந்நாட்டுத் துறைமுகத்தைச் சேர்ந்த கடற்படைக் கப்பலுக்கு வெளிநாட்டில் பயணத்தின் நடுவே வரும் பழுது போன்ற சில வேலைகளைத்தான் பார்க்கலாம், முழு மராமத்து கூடாது. இதுவரை வந்தவையும் சரக்கு, மீட்பு வகைக் கப்பல்கள், போர்க்கப்பல்கள் அல்ல.

அந்த ஒப்பந்தம் 2028-ல் முடிகிறது. புதுப்பிக்கிறார்களா, வருகிற கப்பலில் பீரங்கி இருக்கிறதா, பழுது பதினோரு நாள் வேலையா மூன்று மாத வேலையா என்று பாருங்கள். அதே வாரம் மணலிக்கு எந்த ஊர் எண்ணெய் இறங்குகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உச்சிமாநாட்டுப் படம் வந்தால் லைக் போட்டுவிட்டுப் போங்கள்.