காசு குடுத்தா மட்டும் மேப் சரியாயிடாதுங்க

கையடக்க ஜிபிஎஸ்க்கு விலை குடுத்து வாங்குற டோப்போ மேப் (மேடு பள்ளத்தக் காட்டுற மேப்) தான் நம்பகம்னு கட்டுரைல எழுதிருக்கீங்க, என்னால ஒத்துக்க முடியலைங்க. மேற்குத் தொடர்ச்சி மலைல நான் ஓப்பன்டோப்போமேப்ங்கற இணைய மேப்போட இலவச ஃபைல தான் கார்டுல போட்டு நடக்குறேன், ஒத்தையடிப் பாதை, ஓடை எல்லாம் தன்னார்வலருங்க போட்டது, அதுல அங்க நடந்தவங்களும் உண்டு.

காசா இலவசமாங்கறத விட கான்டூர் (ஒரே உயரத்துல இருக்குற இடங்கள இணைக்குற கோடு) எங்கருந்து எடுத்ததுன்னு கேளுங்க. நிறைய மேப்புல அது 2000ல விண்கலத்துலருந்து ரேடார் வச்சு எடுத்த எஸ்ஆர்டிஎம்ங்கற உயர டேட்டா, நல்ல தரத்துலயே சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி தான், அடர்ந்த காட்டுல தரை உயரத்துக்கு பதிலா மரத்தோட உயரமும் சேர்ந்து வந்துடும், அதனால சின்ன பாறைச் சரிவெல்லாம் ரெண்டு கோட்டுக்கு நடுவுல காணாமயே போயிடும். நீலகிரில ஒரு ஓடை ஓரமா இறங்குனப்ப மேப்புல சாதாரண இறக்கம், எதிர்ல பாத்தா செங்குத்துப் பாறை, வந்த வழியே ரெண்டு மணி நேரம் திரும்பி ஏறுனோம், கூட சின்னப் பசங்க வேற.

அரசு நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவோட 1:50,000 அளவு மேப் ஷீட்டையும் ஒப்பிட்டுப் பாருங்க, ஆனா பழைய ஷீட்டுன்னா எவரெஸ்ட் டேட்டம் (இடத்தோட ஆயத்தொலைவ கணக்கிடுற அடிப்படை), ஜிபிஎஸ்ல டபிள்யூஜிஎஸ் 84ங்கற வேற டேட்டம் இருக்கும், மாத்தாம விட்டீங்கன்னா நம்ம பக்கம் 100 மீட்டருக்கு மேலயே தள்ளிக் காட்டும்.