வந்து மறையும் கோளாறு

தென்னாப்பிரிக்காவில், சாட்ஸ்வர்த்திலிருந்து டர்பன் நகரத்துக்குக் காரில் போகும் வழியில் ஸ்டீயரிங் திடீரென இறுகி, எச்சரிக்கை விளக்கும் எரிகிறது. வண்டியை அணைத்துக் கிளப்பினால் இரண்டும் சரியாகிவிடுகின்றன. பணிமனையிலோ கணினியைச் செருகி, வண்டி பதிவுசெய்த கோளாறுக் குறியீட்டைப் படித்தவுடனே, ஸ்டீயரிங் மோட்டாரையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். மின்சார பவர் ஸ்டீயரிங், நின்ற இடத்தில் சக்கரத்தைத் திருப்பும்போது பல பத்து ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால், 12 வோல்ட் பேட்டரி தளர்ந்திருந்தாலோ, கடலோர உப்புக்காற்றில் பேட்டரியை வண்டியின் உடலோடு இணைக்கும் எர்த் கம்பியின் முனை அரித்திருந்தாலோ, மின்னழுத்தம் சரிந்து, திருப்புவதற்கு மோட்டார் தரும் உதவி நின்றுவிடக்கூடும். ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, மற்றவர் பேட்டரியின் எதிர்மின் முனைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டரை வைத்து அளக்கச் சில நிமிடங்களே போதும். அங்கே அரை வோல்ட் காட்டினாலே இணைப்பு கெட்டிருக்கிறது என்று பொருள். அதைக்கூடச் செய்யாமல் பல்லாயிரம் ராண்ட் கேட்பது, உழைத்துச் சேர்த்த குடும்பங்களுக்குச் செய்யும் அநியாயம்.