பேராயர் பதவிக்குப் பிறகு என்ன?

பெங்களூருவில் எங்கள் தமிழ்ச் சபையில் ஆராதனை முடிந்து வெளியே வந்தால், பேச்சு தானாகவே அடுத்த பேராயர் (பிஷப்) யார் என்பதற்குப் போய்விடும். யாருக்கு எந்த அணி, யாருக்கு எவ்வளவு ஆதரவு என்று அலசித் தீர்ப்பார்கள். பதவி முடிந்தவர் அப்புறம் என்ன செய்கிறார் என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

சென்னைப் பேராயராக இருந்த லெஸ்லி நியூபிகினை எத்தனை பேருக்குத் தெரியும்? கால்டுவெல், போப் என்றால் தமிழ்நாடே அறியும். இவர் இலக்கணம் எழுதவில்லை, திருவாசகத்தை மொழிபெயர்க்கவில்லை. அதனால் விட்டுவிட்டோம் போல.

1936இல் ஸ்காட்லாந்து திருச்சபை அனுப்பி சென்னை வந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே பஸ் விபத்தில் கால் முறிந்தது. ஊருக்குத் திரும்பி அறுவை சிகிச்சை மேல் அறுவை சிகிச்சை. இந்தியாவே வேண்டாம் என்று சொல்ல இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. மனிதர் திரும்பவும் கப்பலேறி வந்து காஞ்சிபுரத்தில் தங்கினார். அங்கே ராமகிருஷ்ண மிஷன் துறவிகளோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, உபநிடதத்தையும் யோவான் சுவிசேஷத்தையும் மாறி மாறி வாசித்து விவாதித்தார்.

1947இல் பல புராட்டஸ்டன்ட் சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானபோது 37 வயதில் மதுரை-இராமநாதபுரம் பேராயர். இதில் வேடிக்கை, அவரை அனுப்பிய சபையில் பேராயர் என்ற பதவியே கிடையாது! பிறகு 1965 முதல் சென்னைப் பேராயர்.

1974இல் ஓய்வு. அவரும் மனைவி ஹெலனும் இரண்டு பெட்டி, ஒரு முதுகுப்பையோடு கிடைத்த பஸ்களில் ஏறி தரைவழியாகவே இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதற்குப் பிந்தைய கதை. கொஞ்ச காலம் பர்மிங்காமில் பாடம் நடத்திவிட்டு, எழுபது வயதை ஒட்டி, அதே ஊரில் சிறைச்சாலைக்கு எதிரே இருந்த ஒரு சின்னச் சபைக்குப் போதகரானார். மூடிவிடலாமா என்று பேசிக்கொண்டிருந்த சபை அது. வீடு வீடாகப் போனார். ஆசியக் குடும்பங்கள் உள்ளே அழைத்து உட்காரவைத்தன. சொந்த நாட்டுக்காரர்கள்தான் கதவைச் சாத்தினார்கள். இந்தியாவில் செய்த ஊழியத்தைவிட இங்கிலாந்தில் செய்வதுதான் கடினம் என்று அவரே எழுதியிருக்கிறார்.

அவருடைய இறையியல் எல்லாவற்றையும் நான் ஏற்கிறேன் என்றில்லை. ஆனால் அந்தச் சிறைச்சாலைத் தெருவுக்குப் போனாரே, அதை ஏற்காமல் இருக்க முடியவில்லை. ஓய்வுபெற்ற பேராயர் ஒருவரிடம் புறநகரில் போதகர் இல்லாத சிறிய சபையைக் கொடுத்தால் என்ன என்று இங்கே கேட்டுப் பார்த்தேன். “அது அவருக்கு மரியாதையா இருக்குமா தம்பி?” என்கிறார்கள்.