பார் வெளுத்தது என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

மண்டபம் ஊரில் பவளப்பாறைகளைப் பற்றி நடந்த கூட்டத்தைக் குறித்து ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். நானும் சொல்லிவிடுகிறேன். கடற்பாசி எடுக்கும் ஓர் அக்கா எழுந்து, கடலுக்குள் பார் வெளுத்துக் கிடக்கிறது என்றார். பார் என்றால் பவளப்பாறை. மேடையிலிருந்தவர் குறுக்கே புகுந்து, "வெளுப்பதெல்லாம் துணிக்குத்தான் அம்மா, நிறமிழப்பு என்று சொல்லுங்கள்" என்றார். கூட்டம் சிரித்தது. அக்கா உட்கார்ந்துவிட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

'வெளு' துணியோடு பிறந்த சொல் அல்ல. 'வெள்' என்னும் வேரில் வெண்மையும் ஒளியும் சேர்ந்தே இருக்கின்றன. வெள்ளி, வெள்ளை, வெளிறு எல்லாம் அதில் கிளைத்தவை. கிழக்கு வெளுக்கிறது என்கிறோம். நம் பக்கத்தில் விடியற்காலையில் வரச்சொல்ல 'வெள்ளென வா' என்கிறோம். மலையாளத்தில் விடியும் நேரம் 'வெளுப்பான் காலம்'. கன்னடத்தில் வகரம் பகரமாகி 'பெளகு' என்று நிற்கிறது. அங்கும் பொருள் விடியலும் ஒளியும்தான். பயத்தில் முகம் வெளுக்கிறது, பொய்யனின் சாயம் வெளுக்கிறது, ஐப்பசியில் மழை வெளுத்து வாங்குகிறது. இத்தனையையும் தாங்கும் வினைச்சொல் பவளத்தைத் தாங்காதா?

வெள்ளை என்றால் தூய்மையாயிற்றே, பவளத்துக்கு வந்த கேட்டுக்குப் பொருந்துமா என்று ஒரு நண்பர் கேட்டார். குறள் 844-ஐப் பாருங்கள். அங்கே வெண்மை என்பது அறியாமை, தன்னை அறிவுடையவனாக எண்ணிக்கொள்ளும் செருக்கு. மேடையிலிருந்தவரும் அதை ஒருமுறை படிக்க வேண்டும்.

பவளத்துக்கு நிறமும் உணவில் பெரும்பங்கும் தருபவை அதன் சதைக்குள் வாழும் நுண்பாசிகள். கடல் அளவுக்கு மீறிச் சூடேறினால் அவை வெளியேறிவிடும். நிறமற்ற சதையின் வழியே சுண்ணாம்புக் கூடு வெள்ளையாகத் தெரியும். மன்னார் வளைகுடாவில் 2010-இலும் 2016-இலும் இதுதான் நடந்தது. வெளுத்த உடனே பவளம் செத்துவிடுவதில்லை. விரைவில் சூடு தணிந்தால் பாசி திரும்பும், பவளம் பிழைக்கும்.

என் தாத்தா வெள்ளாவி வைத்தவர். உவர்மண் கரைசலில் நனைத்த துணிகளை அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் வேகவைப்பார். அங்கே அழுக்கைக் கழற்றியது சூடு. கடலில் பவளத்தின் நிறத்தைக் கழற்றுவதும் சூடு. வெளுத்தது என்று அக்கா சொன்னதில் எங்கே பிழை?

இதில் சாதியை ஏன் இழுக்கிறாய் என்று கேட்பீர்கள். நான் இழுக்கவில்லை. 'துணிக்குத்தான்' என்றதும் எழுந்த சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். படித்தவர்கள் கூடிய சபையில், தாத்தாவின் தொழிலை இன்னும் சிரித்துத் தள்ளுகிறார்களே என்று வலிக்கிறது.

அறிவியலுக்குத் துல்லியம் வேண்டும் என்பவர்கள் கட்டுரையில் நிறமிழப்பு என்றே எழுதிக்கொள்ளுங்கள். யாரும் தடுக்கவில்லை.

மூச்சடக்கி முங்கிப் பாசி பறிக்கும் அந்த அக்காவுக்கு, எந்தப் பார் முதலில் வெளுத்தது, எங்கே நிறம் திரும்பியது என்று தெரியும். அதைச் சொல்லத்தான் எழுந்தார். அடுத்த கூட்டத்தில் அவரை முதலில் பேச விடுங்கள். அவர் முடிக்கும்வரை யாரும் மைக்கைப் பிடுங்காதீர்கள்.