கரட்டை வளர விடுங்கள் பிள்ளைகளே!

ஏப்ரல் லீவு வந்தாலே என் மரக்கறிப் பாத்திக்குச் சனி பிடித்துவிடுகிறது. கரட் விளைய மூன்று மாதம் வேண்டும். சின்னவனுக்கு மூன்று நிமிடம் பொறுக்காது. "அம்மா, பெருசா வந்திருச்சா?" என்று கேட்டுக்கொண்டே பிடுங்கிவிடுவான். சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். திரும்ப மண்ணில் குத்தி வைக்கிறான். பிடுங்கி நட்ட கரட் நேராக வளருமா? கவைவிட்டுக் கோணிப்போகும். நேற்று மட்டும் 11! போஞ்சிக்கு நட்ட கம்புகள் மூத்தவளுக்கு வாள். லீக்ஸ் பாத்தி கிரிக்கெட் மைதானம். நுவரெலியாவில் இந்த மாதம் பின்னேரமானால் மழை. அந்தச் சேறு முழுக்க வீட்டுக்குள். மாசியில் காய்ந்து கிடந்தபோது பீலித் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றியவள் நான். விதை விற்கிற விலைக்கு இன்னும் எத்தனை தடவை போடுவது? மிச்சம் இருக்கிறதையாவது விட்டுவைக்கக் கூடாதா?