ஒரு வாக்கியத்தை மூன்று துண்டாக வெட்டாதீர்கள்

இதயப் படத்தைத் தட்டிச் சேமிக்கச் சொல்லும் வரி ஒரு செயலியின் தமிழ்த் திரையில் உடைந்து கிடந்ததை நேற்று ஸ்கிரீன்ஷாட்டாகப் போட்டிருந்தேன். அதன் கீழே "ஒரு ஐகான் கொஞ்சம் தள்ளி நிக்குது, இதுக்குப் போய் இவ்வளவா ப்ரோ" என்று எழுதியவர்களுக்காகத்தான் இது.

கொஞ்சம் தள்ளி நிற்கவில்லை. 'தட்டவும்' ஒரு ஓரத்தில், நடுவில் இதயப் படம், அந்தப் பக்கம் 'சேமிக்க'. இப்படித் தமிழில் யார் பேசுகிறார்கள்? ஆங்கில வரிசைப்படி மூன்று லேபிள்களை, அதாவது திரையில் எழுத்தோ படமோ காட்டும் பெட்டிகளை, பக்கம் பக்கமாக அடுக்கிவிட்டு, மொழிபெயர்ப்பவரிடம் இரண்டு துண்டுகளைத் தனித்தனியாகக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? நடுவில் படம் வருவதே அவருக்குத் தெரியாது.

நடுவில் படம் வந்தாலும் அது ஒரே வாக்கியம்தான். ஒரே லேபிளில்தான் இருக்க வேண்டும். முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஐபோனில், 2013-இல் ஐஓஎஸ் 7 வந்ததிலிருந்தே என்எஸ்டெக்ஸ்ட்அட்டாச்மென்ட் என்ற நிரல் வசதி மூலம் லேபிளின் (யூஐலேபிள்) எழுத்துக்கு நடுவே படத்தைச் சொருக முடிகிறது. ஆண்ட்ராய்டில் அதே வேலைக்கு இமேஜ்ஸ்பான் முதல் பதிப்பிலிருந்தே உண்டு, படத்தை வரியின் நடுவில் நிறுத்தும் வசதிகூட 2019-இல் ஆண்ட்ராய்டு 10-உடன் வந்துவிட்டது. ஒரே நிரலில் இரண்டுக்கும் செயலி எழுதும் ஃப்ளட்டர்காரர்களுக்கு விட்ஜெட்ஸ்பான். முழு வாக்கியத்தையும், படம் வரும் இடத்தில் ஒரு குறியோடு அனுப்பினால் போதும். 'சேமிக்க இதயத்தைத் தட்டவும்' என்று எழுதிப் படத்தைச் சரியான இடத்தில் மொழிபெயர்ப்பவரே வைத்துவிடுவார்.

படம் வரியோடு ஒட்டாமல் ஏறி இறங்கி நிற்கும் என்பீர்கள். சரி, அதில் வேலை இருக்கிறது. படத்தை எவ்வளவு ஏற்றி இறக்குவது என்று பலரும் எடுத்துப் போடும் கணக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்தை வைத்துப் போட்டது. நமக்குப் பெரிய எழுத்தே கிடையாது, 'கி' மேலே வளையும், 'மு'வும் 'று'வும் கீழே இறங்கும். தமிழ் வரியைத் திரையில் வைத்துப் பார்த்துத்தான் அந்த எண்ணைத் திருத்த வேண்டும். பார்ப்பதற்கே ஆள் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

என் அத்தை போனில் எழுத்தளவை உச்சத்தில்தான் வைத்திருப்பார். அதே செயலியை அவர் போனில் பார்த்தேன். எழுத்து பெரிதாகிவிட்டது, படம் மட்டும் கடுகு மாதிரி கிடக்கிறது. எழுத்துக்கு எஸ்பி, படத்துக்கு டிபி என்ற அலகில் அளவு கொடுத்ததால் வந்த வினை. பயனர் வைத்த எழுத்தளவுக்கு ஏற்ப எஸ்பி வளரும், டிபி வளராது. ஆண்ட்ராய்டு 14-இல் எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்க விட்டிருக்கிறார்கள், அதை ஒருவர்கூடச் சோதித்துப் பார்க்கவில்லையா? முதல் லேபிள் அகலத்தை எல்லாம் பிடித்துக்கொள்ள, கடைசித் துண்டு திரை விளிம்பில் 'சே', 'மி', 'க்க' என்று ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்திருந்தது. அத்தை சொன்னார், "எனக்குத்தான் இதெல்லாம் புரிய மாட்டேங்குது போலடா." இல்லை அத்தை, புரிகிற மாதிரி அவர்கள் எழுதவில்லை.

"அப்போ முழு வரியையும் படமாகவே போட்டுவிடலாமே" என்றும் ஒருவர் கேட்டிருந்தார். தயவுசெய்து வேண்டாம். எழுத்தளவை மாற்றினாலும் அது வளராது. விளக்கம் சேர்க்காவிட்டால், திரையை வாய்விட்டுப் படித்துக்காட்டும் டாக்பேக்கும் வாய்ஸ்ஓவரும் அதைச் சரியாகப் படிக்கும் என்று நம்ப முடியாது. கண் தெரியாதவருக்கு அங்கே ஒரு வாக்கியம் இருப்பதே தெரியாமல் போகலாம். லேபிளுக்குள் சொருகும் சின்னப் படத்துக்கும் என்ன படம் என்ற சொல் கூடவே போக வேண்டும்.

அடுத்து, நேரமில்லை, டெட்லைன் என்ற சாக்கு. எல்லோருக்கும்தான் டெட்லைன் இருக்கிறது, அதற்காக ஆங்கில வரி மட்டும் உடைந்து போகவில்லையே.

என்னை நிஜமாகவே புண்படுத்தியது "தமிழில் வைத்துப் பயன்படுத்துபவர்கள் எத்தனை பேர்?" என்ற கேள்விதான். கேட்டவர் தமிழர். வைத்துப் பார்த்தவர்கள் இந்த மாதிரி வரிகளைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்கே திரும்பிப் போய்விடுகிறார்கள். அப்புறம் அந்தக் குறைந்த எண்ணிக்கையைக் காட்டியே தமிழுக்கு நேரம் ஒதுக்க மறுக்கிறார்கள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் தமிழ் ஃபைல் வெளியீட்டுக்கு முந்தின மாலைதான் வரும், யாரும் திறந்து பார்க்காமலே போகும். பிழை வந்ததும் மொழிபெயர்த்தவர்மேல் பழி போடுவார்கள். அவர் வாக்கியத்தைப் பார்க்கவே இல்லை, துண்டுகளைத்தான் பார்த்தார் என்று எத்தனை முறை சொன்னாலும் காதில் விழாது.

கமென்ட்டில் சண்டைக்கு வருபவர்கள் முதலில் தங்கள் செயலியைத் தமிழுக்கு மாற்றி, எழுத்தளவை உச்சத்தில் வைத்து, டாக்பேக் போட்டு ஒரு திரையை முழுசாகக் கேட்டுவிட்டு வாருங்கள். அப்புறம் பேசலாம்.