இந்த 'செட்டு'கிட்ட மாட்டிக்கினேன்பா

காலைல எம்.சி. ரோட்டுல பையனுக்கு ஒரே ஒரு சட்டை கேட்டேன், கடைக்காரர் "செட்டாதாண்ணே குடுப்போம்"னாரு, செட்டுன்னா நாலு சைஸும் சேத்து எடுக்கணுமாம், எனக்கு இருக்கறது ஒரே புள்ள. கடுப்புல வெளிய வந்து தள்ளுவண்டில செட் தோசை சொன்னேன், தட்டுல ரெண்டு, நல்லா குண்டா, மேல சூடா வடகறி. இந்த செட்டோட மட்டும் எனக்கு எந்த சண்டையும் இல்ல.

வீட்டுக்கு வந்தா கொத்தனார் பீடி புடிச்சிக்கினு உக்காந்துனுகீறாரு. பாத்ரூம் தரை "இன்னும் செட் ஆவல சார்". யோவ், போட்டது முந்தாநேத்து! சிமெண்ட் இறுக 10 மணி நேரத்துக்கு மேல ஆவாது, அப்புறம் தண்ணி ஊத்தி ஊறவிடறது வேற கதை, அதையும் நான்தான் ஊத்தினு இருக்கேன்.

அந்த நேரம் பாத்து மச்சான் போன். நேத்து பொண்ணு பாத்தோமே, அது "செட் ஆவாது மாமா". ஏன்டான்னா பதில் இல்ல. புடிக்கலன்னு சொன்னா வாய் கோணிக்குமா?

ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதி 1989 பதிப்புல இந்த வினைச்சொல்லுக்கு மட்டும் 430 அர்த்தமாம். மச்சான் சொன்ன அர்த்தம் அதுல எங்க வருதோ, அவனத்தான் கேக்கணும்.

கொத்தனார் எழுந்து லுங்கிய ஒதறிட்டு கெளம்பிட்டாரு. நாளைக்கு ஆள் செட் பண்ணிக்கினு வர்றாராம்.